பெருந்தரிசைக் கழனியாக்கியது யார்?
(சொற்பொழிவு)



இன்று நான் பேச வேண்டிய விஷயம் "சீனாவின் தானியக் கம்பெனி" என்று துண்டு நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். சீனத்துக் கம்பெனியைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். சோறு தின்கிற எல்லோருக்கும் இது சம்பந்தப்பட்ட பேச்சுத்தான். உலகத்திலே சோற்றைப் பற்றிச் சொல்லப்பட்ட அவ்வளவு பொய் வேறெதைப் பற்றியும் சொல்லப்பட்டதில்லை. விளைந்தால் தெய்வம் கொடுத்தது. விளையாவிட்டால் ஜனங்களின் பாவம். களஞ்சியம் நிறைந்தால் அரசனின் புண்ணியம். காலியானால் குடியானவனின் சோம்பேறித்தனம். உழுதவன் யார், எடுத்துக் கொண்டவன் யார் என்கிற கேள்வி மாத்திரம் வராதபடி பார்த்துக் கொள்ளுவார்கள். அந்தக் கேள்வியைத் தைரியமாகப் போட்டுப் பார்ப்பதற்கு ஏற்ற ஒரு இடம் சீனாவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. எண்பது வருஷத்துக்கு முன் அது பெரும்பாலும் சதுப்பும் புல்லும் ஓநாயுமாய்க் கிடந்த இடமானதால், அங்கு நடந்ததெல்லாம் கணக்கில் இருக்கிறது.

அந்த இடத்திற்குப் பெய்தாஹுவாங் என்று பெயர். வடக்கே உள்ள பெருந்தரிசு என்று அர்த்தம். கம்பெனிக்கும் அதே பெயர்தான். ஹெய்லோங்ஜியாங் என்ற மாகாணத்தில், அமூர், சோங்ஹுவா, உசூரி என்ற மூன்று ஆறுகள் சேருகிற சமவெளியில்தான் அதன் நிலங்களில் பெரும்பகுதி இருக்கிறது. ஆற்றுக்கு அக்கரை ருஷ்யா. கம்பெனி முழுவதும் சர்க்காருக்குச் சொந்தம். நூற்றுக்கு மேற்பட்ட பண்ணைகள். சாகுபடி நிலம் மாத்திரம் 70 லட்சம் ஏக்கருக்கு மேல். நம் தமிழ்நாட்டில் நெல் பயிராகும் நிலத்தையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் அவ்வளவு வராது. வருஷத்துக்கு 2 கோடி டன்னுக்கு மேல் நெல்லும், மக்காச்சோளமும், சோயா மொச்சையும் அங்கிருந்து வெளியே போகின்றன. 2018-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் சீன அதிபர் ஷி ஜின்பிங் அங்கு போய், ஒரு கிண்ணம் அரிசியைக் கையிலே ஏந்திக் கொண்டு, சீனத்தின் சோற்றுக் கிண்ணம் சீனர்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்ற கருத்தில் பேசினார். அந்தப் படம் தேசம் முழுவதும் பரவிற்று.

சரி, இவ்வளவு விளையக்கூடிய மண் அத்தனை காலமாய் ஏன் தரிசாய்க் கிடந்தது? இதுதான் முதலில் கேட்க வேண்டியது. அந்த மண் கரிசல். எருப் போடாமலே விளைகிற மண். தண்ணீருக்கும் பஞ்சமில்லை. அப்படியிருக்க, தெற்கே கோடிக்கணக்கான ஜனங்கள் கால் காணி, அரைக் காணி நிலத்துக்கு அடித்துக் கொண்டிருந்த காலத்தில் இது ஏன் சும்மா கிடந்தது? வானம் விட்ட சாபமா? இல்லை, தோழர்களே! அரசன் போட்ட வேலி.

சீனத்தை 1644 முதல் 1912 வரை ஆண்டவர்கள் மஞ்சு வம்சத்தார். அவர்களுடைய பூர்வீக பூமி இந்த வடகிழக்குப் பிரதேசம். தங்கள் குலம் அங்குள்ள சாங்பாய் மலையில் தோன்றிற்று என்பது அவர்கள் கட்டிக் கொண்ட புராணம். அந்த மலையின் வழியாகத் தங்கள் வம்சத்தின் அதிர்ஷ்ட நரம்பு ஓடுகிறது என்றும், அதை அன்னியன் கொத்தினால் வம்சம் அழியும் என்றும் ஜோசியம். அரண்மனைக்கு வேண்டிய ஜின்செங் கிழங்கும், முத்தும், சேபிள் என்ற பிராணியின் தோலும் அங்கேதான் கிடைத்தன என்பது ஜோசியத்துக்குள்ளே இருந்த உண்மைச் சங்கதி! ஆகவே, மண்கரை எடுத்து அதன்மேல் வில்லோ மரங்களை நட்டு வேலி போட்டு, சீனக் குடியானவன் உள்ளே வரக் கூடாதென்று சட்டம் போட்டார்கள்.

வேலிக்கு இப்புறம் என்ன நடந்தது தெரியுமா? சீனச் சக்ரவர்த்திக்கு "வானத்தின் மகன்" என்று பட்டம். பெய்ஜிங்கில் நல்ல விளைச்சலுக்காகப் பிரார்த்தனை செய்வதற்கென்றே ஒரு பெரிய கோயில் இருக்கிறது. 1420-இல் கட்டி முடித்தது. வருஷந்தோறும் சக்ரவர்த்தி விரதமிருந்து அங்கு போய் வானத்தை வணங்குவார். ஏர் பிடித்து நாலு சால் உழுது காட்டுவதும் உண்டு. இத்தனை வணக்கத்துக்கும் பின் 1876 முதல் 1879 வரை வட சீனத்தில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. அரண்மனையிலேயே மழைக்கு வேண்டிப் பூஜை நடந்தது. சுமார் ஒரு கோடி ஜனங்கள் செத்தார்கள். மரப்பட்டையையும் மண்ணையும் தின்று செத்தார்கள். அப்பொழுதும் வடக்கே அந்தக் கரிசல் மண்ணில் பெரும்பகுதி ஆள் இல்லாமல் புல் முளைத்துக் கிடந்தது.

அந்தப் புனிதம் எப்போது போயிற்று? 1858-லும் 1860-லும் ருஷ்யாக்காரன் வந்து அமூர் ஆற்றுக்கு அக்கரையையும் உசூரிக்குக் கிழக்கையும் எடுத்துக் கொண்டான். ஆள் இல்லாத பூமியை எவனும் எடுத்துக் கொள்ளுவான் என்று அப்பொழுதுதான் அரண்மனைக்குப் புத்தி வந்தது, கஜானாவும் காலி. உடனே நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து விட்டு விற்றார்கள். 1904-இல் முழுவதும் திறந்தாயிற்று. பணம் வேண்டியபோது அதிர்ஷ்ட நரம்பாவது, புராணமாவது!

தரிசு என்று சொல்லுகிறோமே, அங்கு ஒருவருமே இல்லை என்று நினைத்து விடாதீர்கள். ஹெஜே என்ற மீன் பிடிக்கும் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக அந்த ஆற்றங்கரைகளில் இருந்தார்கள். மீன் தோலைப் பதப்படுத்திச் சட்டை தைத்துப் போடுகிறவர்கள். 1949-இல் சீனத்தில் எஞ்சியிருந்தவர்கள் சுமார் 300 பேர். இன்று சில ஆயிரம். வெளியிலிருந்து வந்தவன் உழாத நிலத்துக்கெல்லாம் தரிசு என்று பெயர் வைப்பது எல்லாத் தேசத்திலும் வழக்கம்தான்.

பிறகு 1932-இல் ஜப்பான்காரன் வந்து பொம்மை ராஜ்யம் ஒன்றை ஏற்படுத்திக் கொண்டு, தன் தேசத்து ஏழைக் குடியானவர்களை லட்சக் கணக்கில் அங்கு குடியேற்றினான். அதற்காகச் சீனக் குடியானவன் ஏற்கனவே திருத்தி வைத்திருந்த நிலத்தை அடிமாட்டு விலைக்குப் பிடுங்கினான். 1934-இல் துலோங்ஷான் என்ற ஊரில் குடியானவர்கள் துப்பாக்கியை எடுத்துக் கொண்டு கிளம்பி விட்டார்கள். 1945-இல் ஜப்பான் தோற்றது; குடியேறியவர்களைத் திக்கற்றவர்களாய் விட்டு விட்டு ராணுவம் ஓடிற்று.

அதன் பிறகுதான் இந்தக் கம்பெனியின் கதை. 1947-இல், உள்நாட்டுச் சண்டை முடிவதற்கு முன்பே, கம்யூனிஸ்டுகள் தங்கள் வசமிருந்த வடகிழக்கில் முதல் சர்க்கார் பண்ணைகளை ஆரம்பித்தார்கள். 1948-இல் பெய்ஆன் என்ற ஊரில் டிராக்டர் ஓட்டக் கற்றுக் கொடுக்கும் வகுப்பு ஒன்று நடந்தது. எழுபது பேருக்கு மேல் சேர்ந்தார்கள். அதில் ஒரே ஒருவர் பெண்; லியாங் ஜுன் என்று பெயர், வயது 18. பெண் பிள்ளை ஏர் தொட்டால் நிலம் தீட்டு என்று பேசுகிற பாட்டன்மார் எல்லாத் தேசத்திலும் உண்டு. அந்தப் பெண் டிராக்டர் ஓட்டினார். பிறகு பெண்களை மாத்திரம் வைத்து ஒரு டிராக்டர் கோஷ்டியே நடத்தினார். 1960-களில் வெளிவந்த ஒரு யுவான் நோட்டில் டிராக்டர் ஓட்டும் பெண்ணின் படத்தைப் போட்டார்கள். அது அவரை வைத்துப் போட்ட படமே. அவர் 2020 ஜனவரியில் காலமானார். நிலம் தீட்டுப்பட்டதாகத் தகவல் இல்லை.

1954-இல் சோவியத் ருஷ்யா கொடுத்த யந்திரங்களைக் கொண்டு "நட்புறவுப் பண்ணை" என்ற பெரும் பண்ணை ஏற்பட்டது. 1955-இல் வாங் ஜென் என்ற தளபதி, ரயில் பாதை போட்ட பட்டாளத்துச் சிப்பாய்களை அழைத்து வந்து "850-ஆம் நம்பர் பண்ணை" என்று ஆரம்பித்தார். பண்ணைக்குப் பட்டாளத்து நம்பர்! 1958-இல் வேலையிலிருந்து விடுவிக்கப்பட்ட சிப்பாய்களும் அதிகாரிகளும் சுமார் ஒரு லட்சம் பேர் வந்து இறங்கினார்கள். ரயில் நிற்கிற இடத்திலிருந்து பனியில் நடந்தே போனார்கள். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரிக்கும் போகும். கோடையிலோ கொசு, மனிதன் முகத்தில் வலை போடாமல் வேலை செய்ய முடியாது. சதுப்பு நிலம் டிராக்டரையும் குதிரையையும் சேர்த்து விழுங்கும். பனியில்லாத காலம் நாலு மாதம், நாலரை மாதம்; அதற்குள் விதைத்து, வளர்த்து, அறுத்தாக வேண்டும். இருக்க வீடு இல்லை. மண்ணைத் தோண்டிப் புல்லால் மூடிக் கொண்டு படுத்தார்கள்.

இவர்கள் எல்லோரும் விரும்பி வந்தவர்களா? அதையும் சொல்லித்தானாக வேண்டும். 1957-இல் சர்க்காரைக் குறை சொல்லலாம், வாருங்கள் என்று அழைத்தார்கள். குறை சொன்னவர்களை வலதுசாரிகள் என்று முத்திரை குத்தித் தூர தேசத்துக்கு அனுப்பினார்கள். பேர் பெற்ற நாவலாசிரியை டிங் லிங் 1958-இல் இந்தப் பெருந்தரிசில் கோழி வளர்க்க அனுப்பப்பட்டார். கவி ஆய் சிங்கும் அங்கு அனுப்பப்பட்டவரே. அவர்களாவது பேர் தெரிந்தவர்கள். எல்லை ஏரியான சிங்காய் ஏரிக் கரையில் இருந்த தண்டனைப் பண்ணையில் சதுப்பு வடித்தவர்களின் பேர் எந்த நோட்டிலும் அச்சாகவில்லை.

1958-இலேயே இன்னொரு பைத்தியக்காரத்தனமும் கிளம்பிற்று. தெய்வத்தை ஒழித்து விட்டால் மூட நம்பிக்கை தானே ஒழிந்து விடும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாற்றை நெருக்கி நெருக்கி நட்டால் ஒரே வர்க்கத்துப் பயிர்கள் ஒன்றுக்கொன்று போட்டி போடாது என்றார்கள். ஆளுயரத்துக்கு உழுதால் வேரும் ஆளுயரம் போகும் என்றார்கள். குருவி தானியத்தைத் தின்கிறது என்று தேசம் முழுவதும் தகரம் தட்டிக் குருவிகளைப் பறக்க விட்டே சாகடித்தார்கள். அடுத்தபடி, குருவி தின்ன வேண்டிய பூச்சிகள் பயிரைத் தின்றன. 1960-இல் குருவியை விட்டு விட்டு மூட்டைப் பூச்சியைக் கொல்லச் சொல்லி உத்தரவை மாற்றினார்கள். ஒரு ஏக்கரில் விளையாததை விளைந்ததாகக் கணக்கு எழுதினார்கள். மேலே உள்ளவர்கள் அந்தப் பொய்க் கணக்கை நம்பி, அல்லது நம்பினதாகப் பாவித்து, மெய்த் தானியத்தைக் கேட்டு வாங்கிக் கொண்டு போனார்கள். 1959 முதல் 1961 வரை கோடிக் கணக்கான குடியானவர்கள் பட்டினியால் செத்தார்கள். அங்கு பூசாரி இல்லை, பூஜை இல்லை. ஆனால், தலைவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற பக்தி இருந்தது. பக்தி எங்கே போனாலும் பிணம்தான் விழும் போலிருக்கிறது.

பிறகு 1968-இல் பெருந்தரிசுப் பண்ணைகளையெல்லாம் சேர்த்து ஒரு ராணுவ உற்பத்திப் படை ஆக்கினார்கள். பெய்ஜிங், ஷாங்காய், தியென்ஜின் முதலிய பட்டணங்களிலிருந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் அங்கு வந்த வாலிபர்களும் பெண்களும் சுமார் 5.4 லட்சம் பேர். அவர்களில் படிப்பு நின்றவர்கள் எல்லோருமே. உயிரை விட்டவர்களும் உண்டு. 1976-இல் படை கலைக்கப்பட்டது. 1970-களின் கடைசியில் ஊருக்குப் போக அனுமதி கிடைத்ததும் பெரும்பாலோர் கிளம்பி விட்டார்கள். தேசபக்திப் பாட்டுப் பாடிக் கொண்டு வந்த பிள்ளைகள் டிக்கெட்டுக்கு முண்டியடித்துக் கொண்டு போனதிலிருந்தே, வந்தது எவ்வளவு இஷ்டத்தில் வந்தது என்று நாம் தெரிந்து கொள்ளலாம்.

இத்தனை பேர் உடம்பு தேய்ந்தும் களஞ்சியம் வேண்டிய மட்டும் நிறையவில்லை. அது நிறைந்ததற்குப் பிந்திய காரணங்கள் வேறு. 1978-இல் நட்புறவுப் பண்ணையின் ஒரு பிரிவுக்கு அமெரிக்காவின் ஜான் டியர் கம்பெனி யந்திரங்களை வரவழைத்தார்கள். ஒரு பெரிய கூட்டம் செய்து வந்த வேலையை 20 பேர் செய்யலானார்கள். 1980-களின் நடுவில் பண்ணை நிலத்தைக் குடும்பம் குடும்பமாகக் குத்தகைக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். லாபமோ நஷ்டமோ குடும்பத்தைச் சேர்ந்தது என்றானதும் உழைப்பு மாறிற்று.

நெல் வந்த கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அந்தக் குளிர்ப் பிரதேசத்தில் அதற்கு முன்னும் கொஞ்சம் நெல் உண்டு. ஆனால் சில்லென்ற தண்ணீரில் விதையை வீசுவார்கள், பாதி முளைக்காது, முளைத்தது முற்றுவதற்குள் பனி விழுந்து விடும். 1980-களின் தொடக்கத்தில் வட ஜப்பானைச் சேர்ந்த புஜிவாரா சோசாகு என்ற கிழவர், எழுபது வயதை எட்டிய குடியானவர், ஹெய்லோங்ஜியாங்கில் பாங்ஜெங் என்ற தாலுகாவுக்கு வந்தார். நாற்றங்காலைத் தண்ணீரில் வைக்காதீர்கள். மேட்டில், புழுதியில் வையுங்கள். மேலே பிளாஸ்டிக் துணி போட்டு மூடுங்கள். வெளியே பனி இருக்கும்போதே உள்ளே நாற்று வளரட்டும். பிறகு எடுத்து விலக்கி விலக்கி நடுங்கள் என்று காட்டினார். நாற்றுத் திடமாக வளர்ந்தது. ஒரு மாதம் முன்கூட்டியே கிடைத்தது போலாயிற்று. விளைச்சல் ஏறிற்று. அந்த முறை மாகாணம் முழுவதும் பரவிப் பெருந்தரிசுக்கும் வந்தது. இன்று அங்கு முக்கியமான பயிர் நெல். ஐம்பது வருஷத்துக்கு முன் ஜப்பான்காரன் துப்பாக்கியோடு வந்து பிடுங்கினதையும், இந்தக் கிழவர் நாற்றோடு வந்து கொடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்! இன்னொன்றையும் பாருங்கள். 1958-இல் நெருக்கி நடு என்று உத்தரவு போட்டவர்கள் வயலைக் கேட்கவில்லை. விலக்கி நடு என்று சொன்னவர் வயலில் செய்து காட்டினார்.

இனிக் கம்பெனிக்கு வருகிறேன். பண்ணை நிர்வாகத்தை மெல்ல மெல்லக் கம்பெனியாக மாற்றினார்கள். 2002-இல் அதன் ஒரு பிரிவு ஷாங்காய் பங்கு மார்க்கெட்டில் ஏறிற்று. 2018 டிசம்பரில் பழைய பண்ணை இலாகாவே குழுமம் என்ற பெயரில் கம்பெனியாயிற்று. அந்தப் பங்குக் கம்பெனிக்கு முக்கிய லாபம் எதிலிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? நெல் விற்றா? இல்லை. நிலத்தைக் குடும்பங்களுக்கு விட்டு வாங்கும் குத்தகைப் பணத்திலிருந்து! நிலம் சர்க்காருடையது, உழுகிறவன் குடியானவன், விதை, எரு, எண்ணெய், யந்திர வாடகை எல்லாம் அவன் செலவு, அறுவடைக்கு முன்பே கம்பெனிக்குக் குத்தகை கட்ட வேண்டும். இதற்கு நமது பாஷையில் என்ன பெயர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குடியானவன் கொடுத்த இந்தக் குத்தகைதான் நிச்சயமான வரும்படி. கம்பெனி தானாக நடத்தின ஆலை, வியாபாரம், வீட்டு மனைக்காரனுக்குக் கொடுத்த கடன் முதலியவற்றால் 2012, 2013 இரண்டு வருஷமும் நஷ்டம் வந்து, பங்கு மார்க்கெட்டில் ஆபத்து முத்திரை போட்டார்கள். வெயிலில் நின்றவன் கட்டின பணம் நிழலில் இருந்தவன் வியாபாரத்தில் கரைந்தது.

இன்னொரு விபரீதம். மிகச் சமீப காலம் வரையில் இந்தப் பண்ணை நிர்வாகத்துக்குச் சொந்தத்திலேயே பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, போலீஸ், கோர்ட்டு எல்லாம் இருந்தன. எஜமானனே நீதிபதி! 2014 மார்ச்சில் ஜியான்சான்ஜியாங் பகுதியில் ஒரு பண்ணையில், பலுன் கோங் என்ற தியான மதத்தைச் சேர்ந்தவர்களைச் "சட்டம் படிப்பிக்கும் இடம்" என்ற பெயரில் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நான்கு வக்கீல்கள் கேட்கப் போனார்கள். வக்கீல்களையே பிடித்து அடைத்தார்கள். எலும்பு முறிய அடித்தார்கள் என்று அவர்கள் வெளியே வந்து சொன்னார்கள். தியானம் செய்தால் வியாதி போகும் என்கிறவர்களிடம் எனக்கு எள்ளளவும் உடன்பாடு இல்லை. அவர்களோடு மேடை போட்டு வாதாடத் தயார். ஆனால், மூட நம்பிக்கையைப் பூட்டுப் போட்டுத் திருத்துகிறேன் என்கிறவன் பகுத்தறிவுக்காரன் அல்ல. அவன் வேறொரு பூசாரி. 2018-க்குப் பின் போலீசு, கோர்ட்டு முதலிய அதிகாரங்களை மாகாணத்து நிர்வாகங்களுக்கு மாற்றி விட்டார்கள்.

மண்ணின் கணக்கும் இருக்கிறது. மூன்று ஆற்றுச் சமவெளியின் சதுப்பு நிலத்தில் பெரும்பகுதி வடிக்கப்பட்டு விட்டது. சதுப்பு என்றால் வீண் என்று நினைத்தார்கள். அது வெள்ளத்தை வாங்கி வைத்து ஊற்றுக்குக் கொடுக்கிற பாத்திரம் என்பது வடித்த பிறகு தெரிந்தது. கொக்கும் நாரையும் குறைந்தன. நெல்லுக்காகக் குழாய்க் கிணறுகளைப் போட்டு இறைத்ததில் நிலத்தடித் தண்ணீர் கீழே இறங்கிற்று. இப்பொழுது கால்வாய் வெட்டி ஆற்றுத் தண்ணீரைத் திருப்புகிறார்கள். கரிசல் மண்ணோ காற்றிலும் மழையிலும் கரைந்து பல இடங்களில் பாதியாய்த் தேய்ந்து விட்டது. ஒரு விரற்கடை கரிசல் உண்டாக நூற்றுக்கணக்கான வருஷம் வேண்டும். 1998-இல் சதுப்பை இனி உடைக்கக் கூடாதென்று மாகாண சர்க்கார் தீர்மானித்தது. 2022 ஆகஸ்டு 1 முதல் கரிசல் மண்ணைக் காப்பாற்றத் தனிச் சட்டமே அமுலில் இருக்கிறது. அறுத்த தாளைக் கொளுத்தாமல் மண்ணுக்கே திருப்புவது, ஒரு வருஷம் மக்காச்சோளம், ஒரு வருஷம் சோயா மொச்சை என்று மாற்றிப் போடுவது முதலியன செய்து வருகிறார்கள். இதில் கம்பெனியின் பெரிய அளவு உதவுகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. ஒரே ஏற்பாட்டை லட்சம் ஏக்கரில் ஒரே வருஷத்தில் செய்ய அதனால் முடிகிறது.

இந்தத் தருணத்தில் ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "இவ்வளவு பெரிய கம்பெனி வந்து விட்டதால், சீனத்தில் சிறு குடியானவன் ஒழிந்து விட்டானா?" என்று கேட்கிறார். நல்ல கேள்வி.

ஒழியவில்லை. 2023-இல் சீனம் முழுவதும் விளைந்த தானியம் 69.5 கோடி டன். இந்தக் கம்பெனியின் பங்கு அதில் நூற்றுக்கு மூன்றுதான். மீதியை விளைவித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சிறு குடியானவர்கள். 2016-இல் எடுத்த விவசாயக் கணக்குப்படி விவசாயக் குடும்பங்கள் 20 கோடிக்கு மேல். ஆனால் அந்த மூன்றில் ஒரு விசேஷம் உண்டு. சிறு குடியானவன் விளைவித்ததில் ஒரு பங்கைத் தானே வைத்துக் கொள்ளுவான். கம்பெனி விளைவித்தது ஏறக்குறைய முழுவதும் பட்டணத்துக்கும் சர்க்கார் களஞ்சியத்துக்கும் வந்து விடும். ஆபத்துக் காலத்தில் சர்க்கார் முதலில் கை வைக்கக்கூடிய தானியம் அது. அதனால்தான் அவ்வளவு கவனிப்பு. அவ்வளவு இருந்தும் சோயா மொச்சை மாத்திரம் வருஷத்துக்கு சுமார் 10 கோடி டன் பிரேசிலிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வாங்குகிறார்கள். பன்றிக்கும் கோழிக்கும் தீனி வேண்டுமே! சோற்றுக் கிண்ணம் கையில் இருக்கிறது. இறைச்சித் தட்டு இன்னும் அன்னியன் கையில்.

இப்பொழுது கம்பெனி தன் எல்லைக்கு வெளியே உள்ள கிராமங்களுக்கும் போய், உங்கள் நிலம் உங்களுடையதாகவே இருக்கட்டும், உழவு, விதை, எரு, அறுப்பு எல்லாம் எங்கள் யந்திரம் செய்யும், கூலியைக் கொடுத்தால் போதும் என்கிறது. வாலிபர்கள் பட்டணத்துக்குப் போய் விட்ட ஊர்களில், எஞ்சியிருக்கிற கிழவனுக்கும் கிழவிக்கும் இது உபகாரமாகவே இருக்கிறது. கூலி எவ்வளவு, குத்தகை எவ்வளவு என்பதைக் கம்பெனியோடு எதிரே உட்கார்ந்து பேசுவதற்கு, சர்க்காருக்குக் கட்டுப்படாத குடியானவர் சங்கம் ஒன்று மாத்திரம் சீனத்தில் கிடையாது. அப்படி ஒன்றை வைத்துக் கொள்ள விட மாட்டார்கள்.

இன்னும் இரண்டு சீட்டுகள் இருக்கின்றன. அவை வேறு விஷயமானதால் அடுத்துப் பேசுகிற தோழரிடம் கொடுத்து விட்டு உட்காருகிறேன்.